கவிதையை யார் வாசிப்பது: எழுதியவரா, நடிப்பவரா?

கோலாலம்பூரில் கவிதை நூல் வெளியீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நூலாய்வு என்று எல்லாம் ஓடி முடிந்த பிறகு "இப்போது நூலிலிருந்து ஒரு கவிதை" என்று அறிவிப்பார்கள், எழுந்து வருகிறவர் எழுதியவராக இருக்க மாட்டார். ஒரு வானொலி அறிவிப்பாளர் வருவார், இல்லையென்றால் மேடை நாடகத்திலோ டிவி தொடரிலோ நடிக்கிற யாராவது. எழுதியவர் முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பார். ஏற்பாட்டாளரிடம் கேட்டால், "அவருக்கு வாசிக்க வராதுங்க, நல்ல குரல்ல கேட்டாத்தான் சனத்துக்குப் பிடிக்கும்" என்பார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுக்கவிதை என்றால் எழுதியவரே வாசிக்கட்டும், திக்கினாலும் திணறினாலும் பரவாயில்லை. மரபுக்கவிதை என்றால் ஓசை தெரிந்தவர் வாசிக்கட்டும், அவர் கவிஞரா நடிகரா பள்ளிக்கூட வாத்தியாரா என்று பார்க்க வேண்டியதில்லை. நடிகரிடம் கொடுத்தே ஆகவேண்டிய கவிதை ஒரு வகை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்தது இல்லை, குரலைப் பதிவு செய்யும் கருவி வந்த நாளிலிருந்தே உண்டு. 1889இல் ராபர்ட் பிரவுனிங் என்ற ஆங்கிலக் கவிஞரை எடிசனின் கருவி முன்னால் நிறுத்தி அவருடைய பேர்பெற்ற கவிதை ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். சில வரி போனதுமே மறந்துவிட்டது. சொந்தக் கவிதையே நினைவுக்கு வரவில்லை என்று வருத்தம் தெரிவித்துவிட்டு நிறுத்திக்கொண்டார், அந்த வருத்தமும் மெழுகு உருளையில் பதிந்து இன்றுவரை இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் இறந்தும் போனார். மறு ஆண்டு டென்னிசன் தன் குதிரைப்படைக் கவிதையைச் சொல்லிப் பதிந்தார், அதில் கரகரப்புக்கு நடுவே சொற்கள் பாதி காணாமல் போனாலும் தாளம் மட்டும் தெளிவாக விழுகிறது. அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1930களில் பிபிசியில் வாசித்தபோது, இந்தக் கவிதைகளைச் செய்யுளாக்க நான் படாதபாடு பட்டிருக்கிறேன், அதனால் உரைநடை மாதிரி வாசிக்கப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஏறக்குறைய மந்திரம் ஓதுவதுபோல் இழுத்து இழுத்து வாசித்தார். இன்றைய காதுக்கு முதலில் சிரிப்பு வரும். இரண்டாம் முறை கேட்டால் வராது.

இதில் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க வசதியான ஒன்றும் இருக்கிறது. டி.எஸ். எலியட் 1922இல் வெளியிட்ட 'பாழ்நிலம்' என்ற நீள்கவிதையை 2011இல் ஐபேட் செயலியாகக் கொண்டுவந்தார்கள், அதில் எலியட்டே வாசித்த பதிவும் உண்டு, அலெக் கின்னஸ், பியோனா ஷா போன்ற நடிகர்கள் வாசித்ததும் உண்டு. எலியட் கொஞ்ச காலம் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தவர், குரலும் கிட்டத்தட்ட அப்படித்தான், பேரேட்டிலிருந்து வரி வரியாகப் படிப்பதுபோல ஒரு வறட்சி. பியோனா ஷா அந்தக் கவிதைக்குள் இருக்கும் ஒவ்வொரு ஆளாகவும் மாறுகிறார். மதுக்கடையில் ஒரு பெண் இன்னொருத்தியின் குடும்பக் கதையை அவிழ்த்துவிடும் பகுதி வரும்போது ஷாதான் ஜெயிக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யார் பேசுகிறார் என்றே சொல்ல முடியாத பகுதிகளில், அதாவது கவிதையின் பெரும்பாலான இடத்தில், எலியட்டின் வறட்டுக் குரலுக்குத்தான் நான் திரும்பிப் போகிறேன். அந்தக் குரல் எதையும் எனக்காகத் தீர்மானித்துத் தருவதில்லை, வரியை அப்படியே விட்டுவிடுகிறது.

சரி, நம் பக்கம் வருவோம். பாரதியின் குரல் பதிவாகவே இல்லை. 1921இல் போய்விட்டார். அவர் பாடியதைக் கேட்டவர்கள் எழுதிவைத்த வர்ணனைதான் நமக்கு மிச்சம். ஆக, நம் தலைக்குள் ஓடுகிற பாரதியின் குரல் முழுக்க நடிகர் குரல், பாடகர் குரல். ஒரு தலைமுறைக்கு 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தின் எஸ்.வி. சுப்பையா. அடுத்த தலைமுறைக்கு 2000இல் வந்த 'பாரதி' படம், அதில் பாரதியாக வந்த சாயாஜி ஷிண்டே மராத்தி நடிகர், தமிழ்க் குரல் கொடுத்தது வேறொருவர். கண்ணதாசன் கதை இன்னும் வேடிக்கை. 1963இல் 'இரத்தத் திலகம்' படத்தில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்குத் தானே வாயசைத்தார், குரல் மட்டும் டி.எம். சௌந்தரராஜனுடையது. கவிஞரே நேரில் வந்து நின்றாலும் அவர் குரலில் கேட்க நமக்குப் பழக்கமில்லை!

நடிகர்கள் பாரதியை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நல்ல இடம் 'தேடிச் சோறு நிதம் தின்று'. தமிழ் தெரிந்த எல்லோருக்கும் மனப்பாடம், மேடையில் யாராவது ஒருவர் மார்பைத் தட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். அச்சில் அது எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்:

தேடிச் சோறுநிதந் தின்று – பல
சின்னஞ் சிறுகதைகள் பேசி – மனம்
வாடித் துன்பமிக உழன்று – பிறர்
வாடப் பலசெயல்கள் செய்து – நரை
கூடிக் கிழப்பருவ மெய்தி – கொடுங்
கூற்றுக் கிரையெனப்பின் மாயும் – பல
வேடிக்கை மனிதரைப் போலே – நான்
வீழ்வே னென்றுநினைத் தாயோ?

கோட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது: பல, மனம், பிறர், நரை, கொடுங், பல, நான். பொருள்படி அது அடுத்த வரியின் சொல், ஓசைப்படி இந்த வரியின் சொல். நடிகர் பொருளைப் பிடித்துக்கொள்கிறவர், அதனால் "தேடிச் சோறு நிதம் தின்று" என்று நிறுத்தி, ஒரு பார்வை பார்த்து, "பல சின்னஞ்சிறு கதைகள் பேசி" என்று அடுத்ததை எடுப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது குற்றப்பட்டியல் ஆகிவிடுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று என்று. பாட்டின் கட்டுமானம் வேறு. தின்று, பேசி, உழன்று, செய்து, எய்தி என்று எல்லாமே முடியாத வினை, எதிலும் நிற்க முடியாது, நிற்கலாம் என்று பார்த்தால் அந்த ஒட்டுச்சொல் கையைப் பிடித்து அடுத்த வரிக்கு இழுத்துவிடுகிறது. சோறு தின்றதும் கதை பேசியதும் தலை நரைத்ததும் எமன் வந்ததும் ஒரே மூச்சில் போய்விடுகிறது, ஒரு ஆயுள் அவ்வளவுதான் என்பதுபோல. மூச்சு வாங்குகிற முதல் இடமே அந்தக் கேள்விதான். இதைத் தாளத்தோடு பாடிப் பழகிய பாட்டிக்குத் தெரியும், மார்பைத் தட்டுகிறவருக்குத் தெரியாது.

அதோடு அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? படத்திலும் மேடையிலும் எதிரே ஒரு வில்லன் நிற்பதுபோலத்தான் கர்ஜிக்கிறார்கள். பாட்டு பராசக்தியிடம் பேசுகிறது. அடுத்த வரியே "நின்னைச் சிலவரங்கள் கேட்பேன்" என்று போகிறது, அதாவது மகன் அம்மாவிடம் உரிமையோடு சண்டை போட்டுவிட்டு அப்படியே கையையும் நீட்டுகிறான். அந்தக் கொஞ்சலும் கோபமும் கலந்த தொனியை இந்த எட்டு வரியோடு வெட்டி எடுத்துப் பஞ்ச் டயலாக் ஆக்கிவிட்டோம்.

நடிகர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அவர்கள் கற்ற தொழில் அப்படி. ஒரு வசனத்தாளைக் கொடுத்தால் நடிகர் முதலில் கேட்பது, பேசுகிறவன் யார், யாரிடம் பேசுகிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்பதைத்தான். நாடகத்துக்கு அதுதான் சரி. பல கவிதைகளில் இந்தக் கேள்விகளுக்குப் பதிலே கிடையாது, பேசுகிறவர் ஒரு பாத்திரம் இல்லை, சொற்களின் வரிசைதான் எல்லா வேலையையும் செய்கிறது. பதில் இல்லாத இடத்தில் நடிகர் தானே ஒரு பதிலைத் தயாரித்துக்கொள்கிறார், பெரும்பாலும் அது சோகமாக இருக்கும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிகழ்ச்சியில் இதை நேரிலேயே பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவைப் பற்றிய சின்னக் கவிதை, விடியாத நேரத்தில் வாளி எடுக்கும் சத்தம், நெற்றி விளக்கு, கொசு என்று வெறும் பொருள்களாக அடுக்கிக்கொண்டே போய் ஒரு இடத்திலும் அழாத கவிதை. வாசிக்க வந்த நடிகைக்கு உண்மையிலேயே அருமையான குரல், மூன்றாவது வரியில் தழுதழுத்தது, ஐந்தாவது வரியில் கண்ணைத் துடைத்தார், கூட்டத்திலும் பலர் துடைத்தார்கள். எழுதியவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீர் நேரத்தில் அவரை வற்புறுத்தி அதையே வாசிக்கச் சொன்னோம், கடைச் சாமான் லிஸ்ட் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார், கொசு என்ற சொல்லில் கொஞ்சம் நின்றார், முடித்துவிட்டுக் கரிபாப் எடுக்கப் போய்விட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது அப்போதுதான்.

இது புதுக்கவிதைக்கான நியாயம். வரி எங்கே உடைகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு இலக்கணம் இல்லை, ஏன் அங்கே உடைத்தோம் என்பது உடைத்தவருக்குத்தான் தெரியும். மரபுக்கவிதையில் நிலைமை வேறு, அங்கே எழுதியவர் வாசிக்க வேண்டிய முறையையும் யாப்பிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்தோமே, அது முழுக்க வாய்க்கும் காதுக்கும் சொன்ன குறிப்பு. "மலர்மிசை ஏகினான் மாணடி சேர்ந்தார் / நிலமிசை நீடுவாழ் வார்" என்ற குறளில் 'நீடுவாழ்வார்' என்ற ஒரே சொல்லை யாப்பு நடுவில் அறுக்கிறது, இதைத்தான் வகையுளி என்கிறார்கள். பொருளுக்காக வாசிப்பவர் 'நீடுவாழ்வார்' என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், குறள் மொட்டையாக முடிந்ததுபோல் இருக்கும். ஓசை தெரிந்தவர் 'வாழ்' என்பதில் ஒரு நூல் அளவு தங்கி 'வார்' என்று இறக்குவார், வெண்பா தரையில் கால் ஊன்றும். அறுக்கிறேன் பேர்வழி என்று இரண்டு துண்டாகக் கத்துகிற மாணவர்களும் உண்டு, அது இன்னொரு கொடுமை.

சொல்லப் போனால் கவிஞரா நடிகரா என்று இரண்டே பேரை நிறுத்துவதே தமிழுக்குப் பொருந்தவில்லை. நம்மிடம் எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். சங்க காலத்தில் புலவர் செய்யுள் செய்தார், பாணர் யாழோடு பாடினார், விறலி ஆடினாள், பொருநரும் கூத்தரும் நிகழ்த்தினார்கள், எல்லோரும் ஒரே அரசன் வாசலில்தான் பரிசிலுக்கு நின்றார்கள். அப்புறம் தேவாரத்துக்கு ஓதுவார் வந்தார். திருவரங்கத்தில் அரையர் இன்றும் குல்லாய் வைத்துக்கொண்டு பாசுரத்தைப் பாடி அபிநயமும் பிடிக்கிறார், அவரை நடிகர் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. இவர்கள் யாரும் எழுதியவர்கள் இல்லை, தன் சொந்த உணர்ச்சியைக் காட்ட வந்தவர்களும் இல்லை, கைமாறிக் கைமாறி வந்த ஒரு ஓசையைக் கெடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பது அவர்கள் வேலை.

இங்கே மலேசியாவில் இதன் வால் இன்னும் பிடிபடுகிறது. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டியில் ஒரு பத்து வயதுப் பிள்ளை தேவாரம் பாடுவதைக் கேளுங்கள், கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல், பண்ணைப் பிடித்துப் பாடிவிட்டு இறங்கிப் போகும். அதே பிள்ளையைப் பள்ளியில் கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்குத் தயார் செய்யும்போது ஆள் மாறிவிடுகிறது. வானம் என்ற சொல் வந்தால் கை மேலே போகவேண்டும், இதயம் என்றால் நெஞ்சில், வறுமை என்றால் முகம் சுருங்க வேண்டும். பாவனைக்கு மதிப்பெண் இருக்கிறது, ஆசிரியர் என்ன செய்வார் பாவம். மலாய்ப் பள்ளிகளின் 'டெக்லமாசி சாஜாக்' என்ற கவிதை ஒப்புவிக்கும் போட்டிகளிலும் இதே கை வீச்சு, இதே இழுவைதான். சாய்ர் என்ற மலாய் மரபுச் செய்யுளில் அப்படி இல்லை, அதை நம் விருத்தம் போல ராகமாகவே பாடுவார்கள், ஓசை கெடுவதில்லை.

பள்ளியை விட்டு வெளியே வந்தால் மலாய்க் கவிதை உலகம் நமக்கு வேறு ஒன்றைக் காட்டுகிறது. தேசிய இலக்கியவாதி ஏ. சமாட் சைட், வெள்ளைத் தாடியோடு பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த 2011 பெர்சே பேரணி நேரத்தில் 'உங்குன் பெர்சே' என்ற கவிதையை எழுதி வாசித்தார், போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. அந்தக் கவிதையை ஒரு நல்ல நடிகர் இன்னும் அழகாக வாசித்திருக்கலாம், ஆனால் வயதான அந்த மனிதர் மெதுவாக, தன் பேரிலேயே வாசித்ததில் இருக்கிற எடை எந்தக் குரல் பயிற்சியிலும் வராது. எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளே எதிரே நின்று வாசிக்கிறார் என்பது கேட்பவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. இந்தோனேசியாவின் ரெண்ட்ரா இன்னொரு மாதிரி, கவிஞர், நடிகர், நாடக இயக்குநர் எல்லாம் ஒரே ஆள், 1967இல் யோக்யகர்த்தாவில் சொந்த நாடகக் குழு தொடங்கியவர், 1978இல் ஜகார்த்தாவில் கவிதை வாசித்த பிறகு கைதானவர். அவரை வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டிமன்றமே நடத்த முடியாது.

எழுதியவர் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கவியரங்கத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நியாயமில்லை. கவிஞர்கள் வாசித்தே கெடுத்த கவிதைகளும் ஏராளம், அதற்கென்றே ஒரு மேடை வைத்திருக்கிறோம். ஒரு வரியைச் சொல்வது, கைதட்டலுக்கு நிற்பது, வரவில்லையென்றால் அதே வரியை இன்னும் உரக்கச் சொல்வது, மூன்றாம் முறை சொல்லும்போது கூட்டம் பரிதாபப்பட்டுத் தட்டிவிடுகிறது. இதற்குள் மைக்காரர் எக்கோவைக் கூட்டியிருப்பார், "தமிழே... மிழே... ழே..." என்று மண்டபம் முழுக்க அலையும். கெடுதல் வாசிப்போடு நிற்பதில்லை. கைதட்டலுக்கு நிற்க வேண்டும் என்றால் இரண்டு வரிக்கு ஒரு சிலேடை வேண்டும், ஒரு முரண் வேண்டும், அதனால் கவிதையே அப்படி எழுதப்படுகிறது. அச்சில் படித்தால் பட்டாசு வெடித்த தெரு மாதிரி காகிதமாகக் கிடக்கும். இந்த விஷயத்தில் நடிகர்களே மேல், அவர்கள் குறைந்தபட்சம் வசனத்தை மூன்று முறை சொல்வதில்லை.

தமிழர்களுக்கு மிகவும் தெரிந்த கவிதை வாசிப்பு எது என்று கேட்டால் நான் தருமியைத்தான் சொல்வேன், 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்து நாகேஷ். வாசித்தது குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, இறையனார் எழுதிய 'கொங்குதேர் வாழ்க்கை'. எழுதியவர் ஒருவர், சபையில் வாசிப்பவர் இன்னொருவர். வாசித்து முடிக்கிறவரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை, எதிரே ஏ.பி. நாகராஜன் நக்கீரராக எழுந்து பொருளில் கேள்வி கேட்கிறார், அங்கே தருமியிடம் சரக்கு இல்லை. பிறகு எழுதியவரே, சிவாஜியாக, நேரில் வந்துதான் வாதாட வேண்டியிருக்கிறது. படம் எடுத்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் இரவல் வாசிப்புக்கு எங்கே மூச்சு முட்டும் என்பதை அந்தக் காட்சி அப்படியே காட்டிவிடுகிறது.

இனி நடிகரிடம் கொடுக்க வேண்டிய கவிதை. பேசுகிற ஆள் யார் என்று தெளிவாகத் தெரிந்து, அந்த ஆள் எழுதியவர் இல்லை என்றால், கவிஞர் ஒதுங்கிக்கொள்வதே நல்லது. வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் தன் 'அண்டர் மில்க் வுட்' நாடகத்தில் கதைசொல்லும் குரலை 1953 மே மாதம் நியூயார்க்கில் தானே வாசித்தார், நவம்பரில் இறந்துவிட்டார், 1954 ஜனவரியில் பிபிசிக்காக அதே பகுதியை ரிச்சர்ட் பர்ட்டன் வாசித்தார். இரண்டும் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. தாமஸ் நல்ல வாசிப்பாளர், மேடையைக் கட்டிப்போடும் குரல், ஆனாலும் உறங்குகிற ஊரின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நம்மை நடத்திக்கொண்டு போக பர்ட்டன்தான் சரி என்று எனக்குப் படுகிறது.

நமக்கு இதற்கு ஈடு வழக்குரை காதை. "தேரா மன்னா செப்புவ துடையேன்" என்று கண்ணகி தொடங்குகிறாள். சினிமாவில் பார்த்தது ஞாபகம் வரும், 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரி அரண்மனையை அதிரவைத்தது, ஆனால் அங்கே பேசியது கலைஞரின் வசனம், இளங்கோவின் வரி இல்லை. இளங்கோவின் கண்ணகி உடனே கத்துவதில்லை. புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவனைச் சொல்கிறாள், கன்றை இழந்த பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட்டு மகனையே தேர்க்காலில் இட்டவனைச் சொல்கிறாள், அந்த ஊர் என் ஊர் என்கிறாள், மாமனார் பேரைச் சொல்கிறாள், உன்னால் கொலையுண்ட கோவலன் மனைவி என்கிறாள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் "கண்ணகி யென்பதென் பெயரே" என்று வருகிறது. அத்தனை வரிக்கும் கோபத்தைக் கையில் பிடித்து வைத்திருந்து கடைசிச் சொல்லில் விடவேண்டும், நடுவில் ஓரிடத்தில் சிந்தினாலும் போச்சு. இது கவிஞர்களால் முடியாத வேலை, நடிப்புப் பயிற்சி இல்லாமல் யாராலும் முடியாது. மேடைக்கு வரும் நம் நடிகைகளில் ஒருவரிடம், அழுகைக் கவிதை எல்லாம் போதும் அம்மா, இந்தப் பகுதியை அகவல் ஓசையோடு மூலத்திலேயே சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் தேவலை.

நூல் வெளியீட்டுக்கு நடிகரைத்தான் அழைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். கவிதையை முதல் நாளே கொடுங்கள், எழுதியவரை ஒருமுறை அவரிடம் போனில் வாசிக்கச் சொல்லுங்கள், குரல் மோசமாக இருந்தாலும் எங்கே நிற்கிறார் என்பது காதில் விழும். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகள் மடங்கி வேறு கவிதையாகிவிடுகிறது. புத்தகத்துப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாலே போதும்.